பூட்டிக் கிடந்த சக்கர நாற்காலிகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பியே இதைத் தொடங்குகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாயே, "ஏம்மா, அத்தனை வருஷம் பாடம் நடத்தினியே, வாயே திறக்காத பிள்ளைங்களை எப்படிப் பேச வெச்ச?" என்று. பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். பால் பொங்கவில்லை, பதில்தான் வரவில்லை. இப்போது வந்துவிட்டது, அது வந்த விதத்தை நினைத்தால் சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. நீ புதிதாகப் பொறுப்பேற்ற முதியோர் இல்லத்தில், ஒரே மாடி நடைகூடத்தில் இரண்டு பெரியவர்கள் விழுந்துவிட்டார்கள். மூன்றாவதாக ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆவது என்று நீ தவிக்கிறாய். கூட்டம் போட்டு "என்ன குறையா இருந்தாலும் தயங்காம சொல்லுங்க" என்றால் எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். மேலாளர்களுக்கு வந்திருக்கிற புது வழிகாட்டியோ, ஊழியர்கள் பயமில்லாமல் பேசும்படி நடந்துகொள் என்கிறது, எப்படி என்று சொல்லவில்லை என நொந்துகொண்டாய். துறை முழுவதற்கும் ஒரே வழிகாட்டிதானே, அது எங்கள் சுகாதார நிலையத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கூத்தே அதிலிருந்துதான் ஆரம்பம்.

அப்பாவின் முழங்காலைக் காட்ட செவ்வாய்க்கிழமை போயிருந்தோம். மேலாளர் வாரம் ஒருமுறை நோயாளிகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அந்த வழிகாட்டியில் ஒரு வரி இருக்கிறதாம். எங்கள் நிலையத்து மேலாளர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. கழுத்து அட்டையைக் கழற்றிவிட்டு, முகக்கவசமும் குல்லாவும் மாட்டிக்கொண்டு எங்கள் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். எனக்கு அவருடைய மூக்குக்கண்ணாடியே காட்டிக்கொடுத்துவிட்டது. உன் அப்பாவுக்குத் தெரியவில்லை, "சாருக்கு எந்த மூட்டு?" என்று ஆரம்பித்துவிட்டார். நான் தொடையில் கிள்ளினேன். "ஏண்டி கிள்ற, அது நல்ல காலு" என்கிறார். அதற்குள் வேலைக்கு வந்து நாலு நாள்கூட ஆகாத ஒரு நர்ஸ் வந்து, "பெரியவரே, கையை நீட்டுங்க, பிரஷர் பாக்கணும்" என்றாள். மறுக்கலாமா கூடாதா என்று வழிகாட்டியில் இல்லை போலும், மனிதர் சமர்த்தாக நீட்டினார். பார்த்தவள் பதறிவிட்டாள். "இவ்வளவை வெச்சுக்கிட்டு நடந்தா வந்தீங்க? வீட்ல உப்பைக் குறைக்கச் சொல்லுங்க" என்று ஒரு அதட்டு, அப்புறம் கதவைப் பார்த்து, "அண்ணே, சக்கர நாற்காலி ஒண்ணு கொண்டாங்க!" என்று ஒரு கூப்பாடு.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து உதவியாளர் குரல் கொடுத்தார். "எங்கேருந்தும்மா கொண்டுவர்றது? எல்லாம் உள்ள பூட்டிக் கிடக்கு. சாவி நம்ம மகாராஜா மேசைக்குள்ள தூங்குது. வெளிய விட்டா தேஞ்சுபோயிடுமாம்!" கூடமே கொல்லென்று சிரித்தது. ஏதோ இரண்டு நாற்காலிகள் உடைந்ததற்காக, வேண்டியவர்கள் தன்னிடம் வந்து சாவி வாங்கிக்கொள்ளட்டும் என்று இந்த மேலாளர்தான் உத்தரவு போட்டிருக்கிறார். இவரோ பாதி நேரம் வெளியில் கூட்டத்தில் இருப்பார். நோயாளிகள் நொண்டி நொண்டி நடந்தார்கள். இந்த ஆண்டு ஒரு நாற்காலிகூடப் பழுதாகவில்லை என்று இவர் பெருமையாகப் பேசியபோது ஊழியர்கள் எல்லாரும் கை தட்டினார்களாம்!

சிரிப்புச் சத்தம் கேட்டு உதவியாளர் தலையை நீட்டினார். மேலாளர் முகக்கவசத்தை இறக்கினார். உதவியாளர் முகம் வெளுத்த வெளுப்பைப் பார்த்து, இவர் வேலைக்கு இன்றோடு சீட்டுக் கிழிந்தது என்றே நினைத்தேன். மேலாளர் கையில் சுற்றிய பிரஷர் பட்டையோடு எழுந்து, "ரொம்ப நன்றிங்க. இதை ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். "உத்தரவே உங்களோடது சார், அதை உங்ககிட்டயே எப்படி..." என்று உதவியாளர் மென்று முழுங்கினார். மேலாளர் விடுவிடுவென்று நடந்தார், பட்டையும் கூடவே போக, "சார், அது அரசாங்கச் சொத்து" என்று நர்ஸ் பின்னால் ஓடினாள். சாவியோடு வந்தவர் அறையைத் திறந்து, பூட்டை உதவியாளர் கையில் கொடுத்து, "இதைக் கண்ணுல படாத இடத்துல போடுங்க" என்றார். முதல் நாற்காலியில் ஏறியது யார் என்கிறாய்? உன் அப்பாதான். "ஹாரன் இல்லையா இதுல?" என்று கேட்டுக்கொண்டே பல் மருத்துவர் அறை வரை ஊர்வலம் போய் வந்தார், எங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. மறுநாளிலிருந்து மேலாளர் அறை வாசலில் ஊழியர்கள் வரிசை கட்டுகிறார்களாம், மருந்து ஜன்னல் உயரம், மின்விசிறி சத்தம் என்று. மனிதர் திணறுகிறார், ஆனால் முகத்தில் ஒரு களை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நான் வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் "புரிஞ்சுது டீச்சர்" என்று ராகம் போடுவார்கள். "நான் சொன்னதில் எந்த இடம் குழப்பம்?" என்றால்தான் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழும்பும். முதல் கேள்வியில் தப்பு அவர்களுடையது ஆகிவிடுகிறது, இரண்டாவதில் என்னுடையது, அதனால் அவர்களுக்குப் பேச வாய் வருகிறது. உன் நடைகூடத்தில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியாது கண்ணா, ஆனால் அங்கே தினமும் நடக்கிறவர்களுக்குத் தெரியும். ஒருவேளை அது நல்லெண்ணத்தோடு நீயே போட்ட உத்தரவாக இருக்கும், அதைச் சொல்ல முடியாமல்தான் தரையைப் பார்க்கிறார்களோ என்னவோ.

நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல், உன் பொறுப்பில் இருக்கும் பெரியவர்கள் கால் இடறாமல், எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், உப்பைக் குறைக்கவும் சொன்னார், தான் மட்டும் குறைக்க மாட்டாராம். நாளைக்குக் கூட்டம் போடும்போது குறை என்ன என்று கேட்காதே. "நான் போட்ட உத்தரவில் எதை முதலில் எடுக்கலாம்?" என்று கேள், யார் என்ன சொன்னாலும் முதலில் நன்றி சொல், பொழுது சாய்வதற்குள் அதை எடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா