கோழிக்காரி மனை

தம்பிக்கு அண்ணி எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் உன் வீட்டாரும் நலமென்று நினைக்கிறேன்.

உனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து உன்னை நீங்கள் என்றுதான் சொல்லி வந்தேன். இந்தக் கடிதத்தில் பழையபடி நீ என்றே எழுதுகிறேன். ஒன்பது வயதில் உனக்குப் பேன் பார்த்துவிட்டவள் நான். நாலாம் வகுப்போடு நின்றவள் வேறு. பிழை இருந்தால் சிநேகிதர்களிடம் காட்டிச் சிரித்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. மனையில் பாதியை எனக்கு எழுதித் தருவதாகவும், பழசை மறந்துவிட்டு, கூட வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பும்படியும் எழுதியிருந்தாய். எங்கே போடுவது என்று பென்சிலால் இரண்டு இடத்தில் குறி வேறு. உன் அண்ணன் போய்ப் பதினோரு மாதம் கழித்து இந்தப் பாசம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். பிறகுதான் தேதியைப் பார்த்தேன். நான் மனைக்குப் பக்கத்துத் தச்சர் வீட்டுக்குப் போய் வந்த எட்டாம் நாள் எழுதியிருக்கிறாய். ஊரில் உனக்குச் சேதி சொல்ல ஆள் இருக்கிறது. இருக்கட்டும்.

உங்கள் அப்பா மனையை உன் பேருக்கு எழுதிவைத்தார் என்று ஒரு காகிதத்தைக் காட்டினாய். மருந்துக்கடைக்காரருக்கு விற்கப் போகிறேன் என்று எங்களை வெளியே அனுப்பிக் கேட்டில் பூட்டுப் போட்டாய். அந்த மனையில் தகரக் கொட்டகை போட்டு முப்பத்தைந்து வருடம் சைக்கிள் ரிப்பேர் பார்த்தவர் உன் அண்ணன். அதன் பிறகும் தினம் காலையில் காற்றடிக்கிற பம்பை எடுத்துக்கொண்டு போவார். எதிர்ப்பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து பூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது சைக்கிளை நிறுத்தினால் காற்றடித்துக் கொடுப்பார். நாலு மாதம் இப்படி. ஐந்தாம் மாதம் ஒருநாள் நான் போனபோது பம்பு கல்லின்மேல் இருந்தது, அவர் கீழே கிடந்தார்.

சாவுக்கு வந்த நீ, பத்திரம் இருந்த தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டாய். கேட்டதற்கு, அத்தனை பேர் முன்னால், "அண்ணி, உங்களுக்குக் கையெழுத்தே ஒழுங்கா வராது. பத்திரத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றாய். இரண்டு பேர் சிரித்தார்கள். யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த மனை அப்பாவும் உன் அம்மாவும் சேர்ந்து வாங்கியது என்று உன் அண்ணன் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படியென்றால் அப்பா ஒருவராக முழுசையும் உனக்கு எழுத முடியாது. அதைக் காட்டிப் பாதியை வாங்கிவிடலாம் என்றுதான் பதிவு அலுவலகத்துக்கு நடந்தேன். அந்தக் காலத்துப் புத்தகமெல்லாம் மழை ஒழுகி நனைந்து போய்விட்டது என்றார்கள். மூன்று நாளாக நான் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அங்கே பத்திரம் எழுதுகிறவர் கூப்பிட்டார். "உங்க பத்திரம் போனா போகுதும்மா. பக்கத்து மனைக்காரங்க பத்திரத்துல உங்க மனை இருக்குமே" என்றார். எந்தப் பத்திரமானாலும் நாலு பக்கமும் யாருடைய இடம் என்று எல்லை எழுதுவார்களாம். நீ ஒரு பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போனாய், தம்பி. மற்றப் பெட்டிகள் பக்கத்து வீடுகளில் இருந்தன.

நமக்கு ஒரு பக்கம் தெரு. அதற்கு ஏது பத்திரம்? மற்ற மூன்று வீட்டுப் படியும் ஏறினேன். தச்சர் வீடு, தையல்காரர் வீடு, பின்பக்கத்து டீச்சர் வீடு. மூன்று பழைய பத்திரத்திலும் அப்பா பேரும் இல்லை, உன் அம்மா பேரும் இல்லை. மூன்றிலும் 'கோழிக்காரி மனை' என்றே இருந்தது. விரலை வைத்து எழுத்துக்கூட்டித் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பிற்பாடு அப்பா அவளிடம் வாங்கியிருக்கலாமே என்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். தச்சர் மனைவி நேரில் பார்த்ததைச் சொன்னார். கோழி வளர்த்து முட்டை விற்றுப் பிழைத்தவள், மகளின் பிரசவத்துக்காக மூன்று பஸ் மாறிப் போகிற ஊருக்குப் போனாளாம். வீட்டுச் சாவியையும் பத்திரப் பெட்டியையும் அப்பாவிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம். மூன்றாம் மாதம் வந்தால் கோழியும் இல்லை, குடிசையும் இல்லை. அப்பா அவளைப் பார்த்து, "எந்த மனை?" என்றாராம். ஒரு பகல் முழுக்கத் தெருவில் நின்றுவிட்டுப் போய்விட்டாளாம்.

நீ தூக்கிக்கொண்டு போன அந்தப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு கோழிப் படம் ஒட்டியிருக்கும். சின்ன வயதில் நீ அதற்கு மீசை வரைந்தாய். உள்ளே என்ன இருந்தது என்பதையும் படித்திருப்பாய். நீ படித்தவன். உன் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கே ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார்.

நானும் மூன்று பஸ் மாறினேன். அந்த மகள் இருக்கிறாள். எழுபது வயதுக்குப் பக்கம். மருத்துவமனைத் துணி துவைத்தே கை வெளுத்துப் போயிருக்கிறது. "எங்கம்மா கடைசி வரைக்கும் மனையைப் பத்திப் பேசல. கோழிங்களுக்கு யாரு தண்ணி வச்சாங்களோன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றாள்.

அங்கிருந்து திரும்பினால் உன் தாள் வந்து கிடக்கிறது. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் பாதி மனை எனக்கு. மாடிப்படிக்குக் கீழே படுக்கிறவளுக்கு அது சின்ன விஷயமில்லை. இரண்டு நாள் தாளை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் என் பாதி எனக்கு வந்தால் உன் பாதி உனக்கு நிற்கும். அதுதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

கோழிக்காரியின் மகளான அந்த அம்மாவை வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று வீட்டுக்காரர்களும் பத்திரத்தோடு வந்தார்கள். வழக்குப் போட்டாயிற்று. மருந்துக்கடைக்காரர் உன் மனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெட்டியைக் கொண்டுவரும்படி உனக்குக் கோர்ட்டிலிருந்து தாள் வரும். மீசையை அழித்துவிடாதே.

உன் தாளை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். பென்சில் குறி அப்படியே இருக்கிறது. என் கையெழுத்தை அந்த அம்மாவின் மனுவில் சாட்சியாகப் போட்டேன். ஒழுங்காகவே வந்தது.

வழக்குக்கு வரும்போது மனையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், எதிர்ப்பக்கத்தில் அந்தக் கல் இருக்கிறது. வெயில்தான். ஆனால் கேட் நன்றாகத் தெரியும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அண்ணனுக்குக் கிடைக்காத ஆயுசும் சேர்த்து நீ இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி