டாக்டர் உன்னைத்தான் கேட்டார், அம்மா

கூப்பிட்டதும் "இன்னாடி" என்று திரும்புகிற என் அம்மாவுக்கு,

நீ போய் நாலு வருஷமாகிறது. அப்பா மைன்ஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டார். கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்து கிராமத்தில் ஒரு வீட்டுக்கு வந்துவிட்டோம். தண்ணீர் நல்லா வருகிறது. அடுப்படிதான் சின்னது, உனக்குப் பிடித்திருக்காது.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. நோயாளிகளின் வீடு தேடிப் போய், ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது, டாக்டரிடம் எதைச் சொன்னார்கள், எதைச் சொல்ல முடியாமல் போனது என்று கேட்கிற ஆராய்ச்சி வேலை. அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து, பிறகு வார்த்தை பிசகாமல் டைப் அடிக்கவேண்டும். "யார் பேச்சையும் திருத்தாதீங்க. அவங்க 'புடிச்சிக்கினு'ன்னு சொன்னா நீங்களும் 'புடிச்சிக்கினு'ன்னுதான் எழுதணும்" என்று எங்கள் மேடம் முதல் நாளே சொன்னார்.

எனக்கு முகம் சுட்டது, அம்மா. உன் 'புடிச்சிக்கினு'வுக்காக நான் எத்தனை தடவை கூனிக் குறுகியிருக்கிறேன்! நீ காடாம்புலியூர்க்காரி, உங்கள் ஊர்ப் பேச்சு அப்படி. எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். ஆறாம் வகுப்பில் என் டீச்சரிடம் நீ, "வூட்ல எப்பவும் படிச்சிக்கினுதாங்க இருப்பா" என்றாய். பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. ஸ்கூலில், பேங்க்கில், கடையில், எங்கே போனாலும் உனக்குப் பதிலாக நானே பேசினேன். "எம் பொண்ணு நல்லா பேசுவா" என்று உனக்குப் பெருமை வேறு.

நாலு வருஷத்துக்கு முன்னால், அந்தச் செவ்வாய்க்கிழமை கிளினிக்கிலும் அதைத்தான் செய்தேன்.

டாக்டர் உன்னைப் பார்த்துத்தான் கேட்டார், "என்னம்மா பண்ணுது?" என்று.

"முதுவு அப்படியே இறுக்கிப் புடிச்சிக்கினு இருக்குதுங்க. தாடை வேற..." என்று நீ ஆரம்பித்தாய்.

நான் குறுக்கே புகுந்தேன். "கேஸ் ட்ரபிள்தான் சார். நேத்து கல்யாணத்துல சாப்பிட்டது ஒத்துக்கல. தாடை வலி பல்லால, அது ரொம்ப நாளா இருக்கு."

அவர் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் உன் பக்கம் திரும்பினார். "வேற ஏதாவது இருக்காம்மா?" நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் "இல்ல சார்" என்றேன்.

வியாழக்கிழமை காலை பால் காய்ச்ச அடுப்படிக்குப் போனவள் அங்கேயே சாய்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஹார்ட் அட்டாக் என்றார்கள். "முன்னாடி முதுகு வலி, தாடை வலின்னு எதுவும் சொன்னாங்களா?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். "ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அதற்கப்புறமும் அப்பா அவ்வப்போது கேட்பார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பேப்பர் படிக்கும்போது, திடீரென்று. "அன்னிக்கு அம்மா கிளினிக்ல எதாச்சும் சொன்னாளா?" ஒவ்வொரு தடவையும் நான் "இல்லப்பா" என்றேன். நீ சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியாது. இனி யாராலும் எனக்கு அதைச் சொல்லமுடியாது.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாவைப் பார்க்கப் போனேன். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். நான் அந்த அம்மாவிடம் கேட்கக் கேட்க, மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற மகன்தான் பதில் சொன்னார். எந்த மாத்திரை, எத்தனை தடவை டிரெஸ்ஸிங் என்று எல்லாமே அவருக்கு மனப்பாடம். நல்ல பிள்ளைதான். "அவங்களுக்குச் சொல்லத் தெரியாதுங்க, நானே சொல்லிடறேன்" என்றார்.

அந்த அம்மா மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.

"கொஞ்ச நேரம் அம்மாகிட்ட மட்டும் பேசலாமாங்க?" என்று கேட்டேன். அவருக்கு மனசில்லை. ஆனாலும் எழுந்து வெளியே போனார். அவர் போனபிறகும் அந்த அம்மா வாய் திறக்கவில்லை. நானும் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை, அம்மா. எனக்கு அது ரொம்ப நீண்ட நேரமாகத் தெரிந்தது.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். "புண்ணு வலியக்கூடத் தாங்கிக்கினு இருந்துடுவேம்மா. கால எடுத்துடுவாங்களோன்னு பயந்துக்கினே கெடக்கறேன். அத டாக்டர்கிட்ட கேக்கணும். எப்பிடி கேக்கறது? கேட்டா புள்ள அழுவான்."

வீட்டுக்கு வந்து அதை டைப் அடிக்க உட்கார்ந்தேன். 'தாங்கிக்கினு' வரைக்கும் வந்தேன். அதற்குமேல் கை ஓடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நீ சொன்னது, நான் குறுக்கே புகுந்தது, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், எல்லாவற்றையும். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "எங்கிட்டயும் சொன்னா" என்றார். "திங்கக்கிழமை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிட்டிருந்தேன். தாடை வலிக்குதுன்னா. ஒரு கிராம்பை வெச்சுக் கடிச்சுக்கோன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டேன்."

நாலு வருஷம், அம்மா. ஒரே வீட்டில், ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடாத குறையாக இருந்தோம். ஆளுக்கொரு பக்கம் இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அந்தத் தாடை வலியை நீ டாக்டரிடமாவது சொன்னாயா என்று தெரிந்துகொள்ளத்தான். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். உன் காரியத்தன்றுகூட அப்பா அப்படி அழவில்லை.

நீ எங்களைக் கோபித்துக்கொண்டாயா? முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த அந்த இரண்டு நாளும் என்ன நினைத்தாய்? ஒரு தரம், ஒரே ஒரு தரம், "இருடி, நான் சொல்றேன்" என்று என்னை அடக்கியிருக்கக்கூடாதா?

அடுத்த புதன்கிழமை அப்பாவுக்கு செக்கப். கொஞ்ச நாளாகப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நான் கூடப் போகிறேன். அவர் எதையும் நேராகச் சொல்லமாட்டார், உனக்குத் தெரியாததா? மைன்ஸ், நிலக்கரி பெல்ட் செக்‌ஷன், பழைய சூப்பர்வைசர் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் மூச்சு வாங்குகிற விஷயத்துக்கு வருவார். வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புவார். அப்போதும் நான் வாயைத் திறக்கமாட்டேன். அப்பா சொல்லி முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம், அம்மா.

உன்னைப் பேசவிடாத
உன் பொண்ணு,
வசந்தா