மழையில் பால் வெட்டப் போனவள்

அக்கா,

இன்று காலை அவிசாவளையில் பஸ் மாறினேன். யட்டியாந்தோட்டை பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். கேட்கவே தேவையில்லை, புளித்த பாலின் அந்த நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் உடுப்பை விட்டுப் போகாது. முன் சீட்டில் இருந்த ஒரு மனுஷன் திரும்பிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டான். எழுந்து நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். உன் திவசத்துக்குப் போகிறவளுக்கு வழித்துணையாக உன் வாசனையே வந்து உட்கார்ந்திருக்கிறது, நான் வேறென்ன செய்வேன்?

நீ போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் நான் பிரெஞ்சு படிக்கப்போகிறேன் என்றபோது, நம் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகள் அத்தனையும் சிரித்தன. நீதான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தாய். "எதுக்குடி அது? றப்பர் மரத்துக்கிட்ட பேசவா?" என்றாய். ஆனால் கோடையில் ஆறு கிழமை பிரான்சில் தங்கிப் படிக்க எனக்கு இடம் கிடைத்த கடிதம் வந்ததும், அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டியவளும் நீதான். அதில் ஓர் எழுத்தும் உனக்குத் தெரியாது. "முத்திரையப் பாருங்க, முத்திரைய" என்று நீட்டினாய்.

அங்கே ஒரு சின்ன ஊரில், ஒரு வயதான தம்பதியின் வீட்டில் என்னைத் தங்கவைத்தார்கள். அந்த அம்மாளை மதாம் என்று கூப்பிடுவேன். முதல் நாள் வகுப்பு முடிந்து தனியாகத் திரும்பியபோது என் கால் தானாகவே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டது. குசினிக் கதவருகே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, யாராவது பார்க்கட்டும் என்று நின்றேன். துரை பங்களாவுக்குப் போனால் நாம் நிற்கிற இடம் அதுதானே? முன்வாசல் சாவி என் பைக்குள்ளேயே இருந்தது. வெகுநேரம் கழித்துக் குப்பை கொட்ட வந்த மதாம் என்னைக் கண்டு பதறிப்போனார்.

லயத்தில் ஏது போன்? ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பஜாருக்கு இறங்கி வந்து, கம்யூனிகேஷன் கடையில் என் அழைப்புக்காகக் காத்திருப்பாய். எனக்குக் காலை எட்டரை மணி, உனக்குப் பகல் பன்னிரண்டு. பின்வாசலில் நின்ற கதையை நீ சிரிப்பாய் என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "இனிமே பின்வாசல்ல நிக்காத. நீ படிக்கப் போயிருக்க, சட்டி கழுவப் போகல. வெளங்குதா?" என்றாய்.  பிறகு, எப்போதும் கேட்பதைக் கேட்டாய்: "சோறு போடுறாங்களா?" ரொட்டியும் நாறுகிற சீஸும்தான் போட்டார்கள். "போடுறாங்க அக்கா" என்றேன்.

நாலாவது ஞாயிறு நீ இருமினாய். "லேசா காய்ச்சல். கீழ சிங்கள நாட்டுல ஒரு மாத்தயா வயல்ல கூலிக்கு நாலு நாள் தண்ணியில நின்னேன், அதான். நீ படிக்கிற வேலையப் பாரு" என்று சொல்லி நீயே போனை வைத்துவிட்டாய்.

ஐந்தாவது ஞாயிறு போனை எடுத்தது கடை முதலாளி. "நங்கி, உதே இந்தலா வெஸ்ஸ" என்றார் சிங்களத்தில். விடிந்ததிலிருந்து மழையாம், அம்மா நனைந்துகொண்டு வந்திருக்கிறாளாம். கடையின் தகரக் கூரையில் மழை கொட்டுவது எனக்கும் கேட்டது. அம்மாவிடம் போன் போனது.

"அக்கா எங்கம்மா?"

"பால் வெட்டப் போயிருக்கு புள்ள. இன்னைக்கு ஞாயித்துக்கெழம வேலை குடுத்தாங்க. நல்லாத்தான் இருக்கா."

மழையில் யாரம்மா பால் வெட்டுவார்கள்? பட்டை நனைந்திருந்தால் கத்தியே வைக்க மாட்டோம். வடிகிற பால் தண்ணீரோடு ஓடிப் போகும், சிரட்டையில் ஒன்றும் மிஞ்சாது. லயத்தில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. அம்மாவுக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை.

வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் கெட்ட செய்தி சொல்வதில்லை என்பது நம் லயத்துப் பழக்கம். அப்பா செத்தபோது அம்மா குவைத்தில் வீட்டுவேலையில் இருந்தாள். ஒப்பந்தம் முடியும்வரை சொல்லவில்லை. ஒவ்வொரு முறை அம்மா அங்கிருந்து போன் பண்ணும்போதும், "அப்பா வேலைக்குப் போயிருக்காரும்மா" என்று நீதான் சொல்வாய். அப்போதுதான் நீ பள்ளிக்கூடத்தை விட்டுப் பால்கத்தியைக் கையில் எடுத்திருந்தாய். நான் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். வேலைக்குப் போயிருக்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரியும் அக்கா.

போனை வைத்தேன். என் முகத்தைப் பார்த்து மதாம் கிட்ட வந்தார். வீட்டில் ஏதும் பிரச்சினையா, போக வேண்டுமா, இப்போதே டிக்கெட்டை மாற்றலாம், கல்லூரியிடம் நான் பேசுகிறேன் என்றார். தன் கையாலேயே போனை எடுத்து எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசிப் பரீட்சை. அதை எழுதாமல் வந்தால் சான்றிதழ் இல்லை. லயத்துக்கு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். எனக்கு அந்தக் காகிதம் வேண்டியிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், உன்னைவிட அது வேண்டியிருந்தது.

"ஒன்றுமில்லை மதாம். அக்கா வேலைக்குப் போயிருக்கிறாள்" என்றேன்.

அன்று நீ, அந்த வயல் தண்ணீரில் பிடித்த எலிக்காய்ச்சலோடு கரவனெல்ல ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். திங்கட்கிழமை நான் விமானம் ஏறியிருந்தால் செவ்வாய்க்கிழமை உன் கட்டிலருகே வந்திருப்பேன். புதன்கிழமை பின்னேரம்தான் நீ போனாய். வெள்ளிக்கிழமை நான் பரீட்சை எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

நான் வந்து சேர்ந்தபோது உன் படத்தில் மாலை காய்ந்திருந்தது. "பாவம் புள்ள, ஒன்னுமே தெரியாம இருந்திருக்கு" என்று லயத்துப் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பரீட்சை முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று நீதான் சத்தியம் வாங்கினாயாம். நானும் ஒன்றும் தெரியாதவளைப் போலவே விழுந்து அழுதேன். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் கொழும்பில் வேலை வாங்கினேன். இன்றைக்கும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துத்தான் சாப்பிடுகிறேன்.

இன்று படையல் போட்டு முடிந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வருடா வருடம் பிடிக்கிறாள். "நான் குவைத்துல பட்டத ஒன்னையும் பட வச்சிட்டேன் புள்ள. சொல்லியிருந்தா ஓடி வந்திருப்ப. கடைசியா ஒரு தடவ மொகத்தப் பாத்திருப்ப. என்னைய மன்னிச்சிரு" என்றாள். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, உடம்பும் தளர்ந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இந்த வருடமும் வாயைத் திறந்தேன்.

"பரவாயில்லம்மா, ஒங்க மேல எனக்குக் கோவமில்ல" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சோறு போடப் போனாள்.