மத்தியான இடியும் ஒரு முகமும்

ஒக். 14, செவ்வாய்
காலையில் நல்ல வெயில். ஸ்டூடியோவின் பின்னறை லினக்ஸ் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. டிஸ்க் உள்ளே டிக் டிக். எடுத்த படமெல்லாம் அதில்தான். முன்மேசை விண்டோஸ் இரண்டும் அச்சு, பில்லுக்கு. பயமில்லை. தினம் மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லாம் வெளி டிஸ்க்குக்குத் தானாக நகலாகும். ஏற்பாடு நான் செய்தது. (இரவில் முடியாது. ஆறுக்கு முதலாளி சந்திரா அக்கா மெயினை அணைத்துவிடுவார்.)

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்லம்மா வந்தார். கணவர் இறந்து ஒன்பது நாள். அவர் இரண்டு வாரத்துக்கு முன் இங்கே வந்து படம் எடுத்துக்கொண்டவர், அச்சு வாங்க வரவில்லை.

"ஐடி கார்டுல இருக்கறது இருவது வயசு மொகம் தம்பி. போன்ல எடுக்க விடமாட்டாரு. பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்க இந்தப் படந்தான்."

வியாழன் வாங்கம்மா என்றேன். எவ்வளவு தைரியம்.

ஒக். 15, புதன்
வெளி டிஸ்க்கைத் திறந்தேன். செப்டம்பர் வரை எல்லாம் சரி. பிறகு எல்லா நாளும் பாதியில் நின்றிருக்கிறது. ஏன்?

இரண்டு மணி. பசறைப் பக்கம் இடி. அக்கா எழுந்து பிளக்கெல்லாம் கழற்றினார், மளமளவென்று.

"தினம் இப்படியா அக்கா?"

"இடி விழுந்தா நீயா புதுசு வாங்கித் தருவ?"

தினம் இடி இடிக்கும் இந்த மாதத்தில் மத்தியானம் இரண்டுக்கு நகலை வைக்க இந்த மலையில் என்னைவிட்டால் ஆளில்லை. இடி கேட்டால் நான் ஜன்னலுக்குப் போய்விடுவேன். மலைமேல் மழை நடந்து வருவதைப் பார்த்தபடி நிற்பேன். முதுகுக்குப் பின்னால் நடந்ததைப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

மாலை: மறைந்திருந்த அரைகுறைக் கோப்பு ஒன்று. செல்லம்மாவின் கணவர் படம். பிளக் பிடுங்கிய நொடியில் நகலாகிக்கொண்டிருந்திருக்கிறது. நெற்றி, விபூதி, கண்கள். மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

ஒக். 16, வியாழன்
செய்ய:
– நகல் காலை எட்டுக்கு
– முடிந்ததா என்று தினம் பார்க்க
– புது டிஸ்க், பண்டாரவளை

செல்லம்மா பத்து மணிக்கே வந்துவிட்டார். தப்பு என்னுடையது என்று சொல்லித் திரையைத் திருப்பினேன். திட்டுவார் என்று நின்றேன். விரலால் அந்தச் சாம்பலைத் தொட்டார்.

"குளிருக்கு மப்ளர மூக்கு வரைக்கும் சுத்திக்கிட்டுத்தான் விடிய தோட்டத்துப் பெரட்டுக்கு, பேர் குடுக்கப் போவாரு. முப்பது வருசமா நான் வாசல்ல நின்னு பாத்த மொகம் இதுதான். போடுங்க தம்பி."

அச்சடித்தேன். சாம்பலை வெட்டவில்லை.