அழகாகக் கட்டிய வயர்கள்

ஃபுகுவோகா
14 ஜனவரி 1996

அன்புள்ள தோமோனரி,

இந்த வருஷம் குளிர் இங்கேயும் வந்துவிட்டது. காலையில் கடல் பால் போல மங்கிக் கிடக்கிறது. பஸ்ஸில் போகும்போது எழுந்துவிட்டேனா, இன்னும் தூங்குகிறேனா என்றே தெரிவதில்லை. ஒரு வருஷத்துக்கு என்று சொல்லித்தான் கம்பெனி உன்னை மட்டும் வடக்கே ஆசஹிகாவாவுக்கு அனுப்பியது. இது மூன்றாவது குளிர்காலம். நீ வந்ததும் மாட்டிக்கொள்ள, உன் வீட்டுச் செருப்பை உள்பக்கம் பார்த்தபடியே வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பணிமனையில், ரயில் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் நம் இன்வெர்ட்டர் பெட்டி வெடித்ததே, அதற்கு மார்ச் நாலாம் தேதி இங்கே விசாரணை. எங்கள் பிரிவுக் கூட்டத்தில் குவாபாரா சார் எல்லார் முன்னாலும், "சிஹோ, உன் டிராயிங்லதான்மா கோளாறு. மூடியிருக்க வேண்டிய மாட்யூல் தானாத் திறந்து மின்சாரத்தை விட்டுடுது. ரெசிஸ்டரைத் தப்பா எடுத்துட்டே" என்றார்.

"அப்ப அதே டிராயிங்ல செஞ்ச மத்த மூணு பெட்டி ஏன் சார் வெடிக்கல?" என்றேன். டீ குடிக்கப் போய்விட்டார்.

தவறு என்னுடையது என்று முடிவானால் வடிவமைப்புப் பிரிவிலிருந்து எடுத்து, கையேடு அச்சிடும் பிரிவில் போட்டுவிடுவார்கள். பதினோரு வருஷமாக வரைகிறேன். பயமாக இருக்கிறது.

எரியாமல் மிஞ்சிய பக்கத்தில், மாட்யூல்களைத் திறந்து மூடும் கேட் வயர்கள் எப்படிப் போகின்றன என்று, இருப்பதை இருக்கிறபடி வரைந்து அனுப்பு. போனில் நாம் பனியைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். அதனால்தான் கடிதம்.

உன்
சிஹோ


ஆசஹிகாவா
2 பிப்ரவரி 1996

அன்புள்ள சிஹோசான்,

திட்டாதீர்கள். கம்பெனியில் நீங்கள் எனக்கு இரண்டு வருஷம் மூத்தவர். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் 'சான்' என்ற மரியாதையை விட்டுவிட்டு 'நீ' என்று எழுதக் கை வரவில்லை.

இங்கே பனி சத்தமே இல்லாமல் விழுகிறது. பணிமனைக்குள் நிற்கும் ரயில்கள் காற்றை விடுவது மட்டும் கேட்கிறது, தூக்கத்தில் பெருமூச்சு விடுவது போல. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடினேன். நம் சமையலறையில் நீங்கள் முள்ளங்கி நறுக்கும் சத்தம் கேட்டது. விழித்துப் பார்த்தால் அடுப்பில் கெட்டில் மூடி ஆடிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் எல்லாம் டிராயிங்கில் உள்ளபடிதான் என்று நினைக்கிறேன். வயர் வேலை நோதோசான் செய்தது. இந்தப் பணிமனையிலேயே சுத்தமான கை அவருடையது. பின்னிய ஜடை மாதிரி இருக்கும். ரயில்வே இயக்குநர்கள் வந்தபோது மூடியைத் திறந்து காட்டினோம். "அடேயப்பா, இதைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் போலிருக்கே!" என்றார்கள்.

வரைந்து அனுப்ப இந்த வாரம் நேரமில்லை. ஒரு பெட்டி உருளைக்கிழங்கு அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்
தோமோனரி


ஃபுகுவோகா
12 பிப்ரவரி 1996

அன்புள்ள தோமோனரி,

உருளைக்கிழங்கு கிடைத்தது. நான் கேட்டது அதை அல்ல.

ஜடை என்று எழுதியிருந்தாய். என் டிராயிங்கில் ஜடை கிடையாது. சேர்ந்து வேலை செய்யும் இரண்டு மாட்யூலுக்கும் தனித்தனி ஜோடி வயர், தனித்தனி ரெசிஸ்டர். எல்லாம் பெரிய செம்புப் பட்டைக்குத் தள்ளி.

நேற்று பஸ்ஸில் ஒரு கனவு. இரண்டு பேர் ஒரே போர்வைக்குள் தூங்குகிறார்கள். தெருவில் லாரி போகிறது. ஒருவர் புரள, போர்வை இழுபட்டு மற்றவரும் விழித்துக்கொள்கிறார். நான் வரைந்தது ஆளுக்கொரு போர்வை. யாரோ இரண்டையும் சேர்த்துக் கட்டி, செம்புப் பட்டையை ஒட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். பட்டையில் மின்சாரம் சட்டென்று மாறும்போதெல்லாம் அந்த அதிர்ச்சி வயருக்குள் ஏறும். மூடியிருக்க வேண்டிய மாட்யூல் நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் திறக்கும். வெடிக்க அது போதும்.

எரியாத பக்கத்தில் கட்டியபடி ஒரு தடவை, கட்டை அவிழ்த்து ஒரு தடவை அளந்து பார். மூடிய கேட் மைனஸ் பதினைந்து வோல்ட்டில் கிடக்கிறதா, துள்ளுகிறதா என்று எழுது.

நோதோசான் டிராயிங்கை மீறுகிற ஆள் இல்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும். யார்?

சிஹோ


ஆசஹிகாவா
24 பிப்ரவரி 1996

(1)

அன்புள்ள சிஹோசான்,

எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். ஏப்ரலில் என்னை ஃபுகுவோகாவுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் அது கெட்டுவிடும் என்ற பயத்தில் வாய் திறக்காமல் இருந்தேன். சில நாள் தூக்கக் கலக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி கழுவிவிடுகிறேன். மீந்ததை மறுநாள் தனியாகச் சாப்பிடுகிறேன். கையேட்டுப் பிரிவும் அவ்வளவு மோசமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. அடுத்த தாளில் எழுதியிருப்பதை விசாரணை அன்று நானே ஃபாக்ஸில் அனுப்பிவிடுகிறேன்.

(2)

நான்தான் சொன்னேன். இயக்குநர்கள் வருவதற்கு முதல் நாள், "நோதோசான், மூடியைத் திறந்து காட்டணும். வயரெல்லாம் இப்படிப் பிரிஞ்சு கிடந்தா நல்லாவா இருக்கும்?" என்றேன். "டிராயிங்ல தனித்தனியாத்தானே இருக்கு?" என்றார். "ஒரு நாளுக்குத்தானே, அழகாக் கட்டிடுங்க" என்றேன். மறுநாள் அவிழ்க்க மனசு வரவில்லை. அவ்வளவு அழகு. எல்லாம் டிராயிங்படி என்று பரிசோதனைத் தாளில் என் முத்திரையைக் குத்தினேன்.

இப்போது அளந்துவிட்டேன். கட்டியிருக்கும்போது மூடிய கேட் பிளஸ் எட்டு வரை எழும்பித் திறந்துகொள்கிறது. அவிழ்த்தால் மைனஸ் பத்தைத் தாண்டுவதில்லை. உங்கள் டிராயிங் சரி.

தோமோனரி


ஃபுகுவோகா
5 மார்ச் 1996

அன்புள்ள தோமோனரி,

நேற்று காலை பத்து மணியிலிருந்து ஃபாக்ஸ் மிஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை சத்தம் போட்டது. ஒன்று திருகாணி விலைப்பட்டியல், மற்றது யாருக்கோ வாழ்த்து. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. அதற்குள்ளிருந்து நீயே நடந்து வருவது போலக்கூட ஒரு நிமிஷம் தோன்றியது.

நான்கு மணிக்குக் குவாபாரா சார், "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார். பையைத் திறந்து உன் கடிதத்தின் இரண்டாம் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

என் வேலை எனக்கே. இனி எந்தப் பெட்டியிலும் இரண்டு மாட்யூலின் வயர்களைச் சேர்த்துக் கட்டக் கூடாது என்று சுற்றறிக்கை போகிறது. உன் மாற்றல் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் நீ அங்கேதான். நீயே அனுப்பியிருந்தால் நீ உண்மையைச் சொன்னதாக இருந்திருக்கும். இப்போது நான் உன்னைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிட்டது. அப்படி ஆக்கினாயே, அதுதான் ஆறவில்லை. கழிப்பறையில் போய் அழுதேன். மே விடுமுறைக்கு அங்கே வருகிறேன். கோபத்தோடுதான் வருவேன்.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. குவாபாரா சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டுன்னு போட்டிருக்கு. ஒண்ணு எங்கம்மா?" என்று கேட்டார்.

"அது வீட்டு விஷயம் சார்" என்றேன். கொடுக்கவில்லை.

உன்
சிஹோ