ஐந்து கால் நிழல்

ஆகஸ்ட் 3, திங்கள்

மாத்திரை வாங்கப் போனேன். கைப்பேசியில் பேத்தி வாலு அனுப்பியிருந்த படத்தை மருந்துக் கடைக்காரரிடம் காட்டாமல் வர மனசு கேட்கவில்லை. கரிச்சட்டி மாதிரி வானம், கீழே கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு மணல், குறுக்கே வானவில். அந்த மனுஷன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நிஜமா எடுத்ததா, இல்ல கம்ப்யூட்டர்ல போட்டதா?" என்கிறார். எனக்கு வந்ததே கோபம்! "அடியில என் பேத்தி நிழல் விழுந்திருக்கு பாருங்க. அதையும் கம்ப்யூட்டரா போடும்?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மாத்திரையை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

இதோடு ஒன்பது படம். பன்னிரண்டு வேண்டும். புகைப்படக் கண்காட்சியில் அவளுடைய வானவில்களுக்கென்று ஒரு சுவரையே ஒதுக்கியிருக்கிறார்கள். அவள் போயிருக்கும் பாலைவனத்தில் மழை என்று பெய்வதே வருஷத்துக்கு ஐந்தாறு வாரம்தானாம். அதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

ஆகஸ்ட் 5, புதன்

இன்று படம் இல்லை. மேகம் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டதாம். தங்கும் விடுதிக்குத் திரும்பினால்தான் அவளுக்குச் சிக்னல் கிடைக்கும். அதனால் ஏழு மணிவரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

புறப்படும் முன் எனக்குப் பாடம் நடத்தினாள். "வெயிலுக்கு முதுகு காட்டணும் பாட்டி, மழைக்கு முகம் காட்டணும். அப்பதான் வில் தெரியும். நம்ம நிழல் நேரா அதோட வயித்துக்குப் போகும். சுவர்ல மாட்டும்போது நிழலை வெட்டிடுவேன்." எனக்கு அனுப்புவதில் வெட்டாதே என்று சொல்லிவைத்தேன். சிரித்தாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் மாடியில் முப்பது வருஷம் படுக்கை விரிப்பு உலர்த்தியவள் நான். நிழலைப் பார்த்து மணி சொல்வேன். வானவில்லை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் கால் எண்ணுவேன். கேமரா ஸ்டாண்டுக்கு மூன்று, அவளுக்கு இரண்டு. ஐந்து கால் இருந்தால் அன்றைக்கு எனக்குத் தூக்கம். நான் எண்ணுவது அவளுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 8, சனி

பத்து! மின்னல் கூட விழுந்திருக்கிறது, ஓரத்தில். அவள் அதைத்தான் அதிர்ஷ்டம் என்கிறாள். மரம் இல்லாத வெட்டவெளி. அங்கே உயரமாக நிற்பது அவள் தலையும் அந்த இரும்பு ஸ்டாண்டும்தானே?

என் மகளிடம், வாலுவின் அம்மாவிடம், படத்தை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துப் பிரிவு அவளுக்கு. காலையிலிருந்து நொறுங்கிய வண்டிப் படமாகப் பார்த்துவிட்டு வருகிறவள். "எனக்கு எந்தப் படமும் வேணாம்மா. அவளைப் போகச் சொல்லி அனுப்பினது நீ. ஒண்ணு ஆச்சுன்னா நீதான் எனக்குப் பதில் சொல்லணும்."

"சொல்றேன்" என்றேன். பெரிய வீராங்கனை மாதிரி.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

படம் இல்லை. போனும் இல்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

இல்லை. மழைக்குக் கம்பம் சாய்ந்திருக்கும், சிக்னல் போயிருக்கும். அப்படித்தான் இருக்கும். வேறென்ன இருக்கப் போகிறது? மகள் கேட்டாள். "பேசினாளே, நல்லா இருக்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

வந்துவிட்டது. பாதி வில்தான், கணக்கில் சேராதாம். "கம்பம் சாஞ்சிடுச்சு பாட்டி, சிக்னலே இல்ல. நான் ஜம்முனு இருக்கேன்" என்று எழுதியிருக்கிறாள்.

ஆறு கால்.

விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன். துடைத்துப் பார்த்தேன். ஸ்டாண்டுக்கு மூன்று. அவளுக்கு இரண்டு, அதில் ஒன்று மடங்கியிருக்கிறது. பக்கத்தில் கக்கத்திலிருந்து இறங்குகிற ஒன்று, ஒல்லியாக, நேராக. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆறு வரை எண்ணத் தெரியாதா எனக்கு? கம்பு ஊன்றி நிற்கிறாள்.

ஜம்முனு இருக்காளாம். யாருகிட்ட!

ஆகஸ்ட் 12, புதன்

அங்கே வாலுவை ஏற்றிக்கொண்டு சுற்றும் ஜீப் ஓட்டுநருக்குப் போன் போட்டேன். போகும்போதே நம்பரை வாங்கி வைத்தது நல்லதாயிற்று.

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லம்மா."

"எந்தக் காலு?"

"இடது காலும்மா. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சு. நீங்களா கேட்டதால சொல்றேன்."

வறண்ட ஆற்றுக்குள் ஸ்டாண்டு வைத்திருக்கிறாள். மழை வேறெங்கோ பெய்ய, இங்கே திடீரென்று தண்ணீர் வந்துவிட்டது. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் கல்லில் விழுந்துவிட்டாள். கணுக்கால் எலும்பில் கீறல், கட்டுப் போட்டிருக்கிறது. மூன்று வாரம் ஊன்றக் கூடாது என்றாராம் டாக்டர். மறுநாளே ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்த தண்ணீர் வந்தால் எப்படி ஓடுவாள்?

ஆகஸ்ட் 13, வியாழன்

மகளிடம் சொன்னால் இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். இன்னும் இரண்டு படம்தான் பாக்கி, அது இல்லாவிட்டால் சுவர் போய்விடும், பிள்ளை என்னை மன்னிக்க மாட்டாள். சொல்லாமல் இருந்து, ஒன்று ஆகிவிட்டால்? சுவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

பாலைப் பொங்கவிட்டேன். இரண்டாவது தடவையாகக் காய்ச்சியதையும்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

சொல்லிவிட்டேன். மகள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே வைத்துச் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். மூன்று நாள் என்றேன். "படத்தைக் காட்டு" என்றாள். முதல் தடவையாக வாங்கிப் பார்த்தாள். வானத்தையெல்லாம் பார்க்கவில்லை. அந்தக் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கேயே நின்று போனில் இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டாள், திங்களும் செவ்வாயும். "புதன்கிழமை நான் ஆபீஸ்ல இருப்பேன், அவ வீட்ல இருப்பா."

ஆகஸ்ட் 15, சனி

மகள் விடிகாலை ரயிலுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வாலு போன் செய்தாள். எடுத்ததும், "காட்டிக் குடுத்துட்டியே பாட்டி. நீயுமா?" அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

நான் என்ன செய்யட்டும்டி? அவ உன்னைப் பெத்தவ. நான் அவளைப் பெத்தவ. ரெண்டு பக்கமும் நான்தானே நிக்கிறேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மகள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று ஓட்டுநர் சொன்னார். "அம்மாவும் பொண்ணும் பேசிக்கலைம்மா. நடுவுல நான் மாட்டிக்கிட்டேன். ரெண்டு பேரும் என்கிட்டதான் சண்டை போடுறாங்க."

ஆகஸ்ட் 17, திங்கள்

ஒரு தகவலும் இல்லை. மருந்துக் கடைக்காரர், "புதுப் படம் வரலையா?" என்று கேட்டார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். மூக்கின்மேல்தான் இருந்தது.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

மகள் இன்று காலை வண்டியில் ஏறியிருக்க வேண்டும். இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பார்த்தேன். மணி மட்டும் அடிக்கிறது. ஓட்டுநரும் எடுக்கவில்லை. மூன்று வேளையும் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். செய்தித்தாளை வாங்கி வானிலைப் பக்கத்தை மட்டும் படித்தேன். பலத்த மழை என்று போட்டிருந்தான்.

ஏழேகாலுக்குப் படம் வந்தது. ஒரு வார்த்தை எழுதவில்லை, படம் மட்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வானவில், நடுவில் வானம் மை கொட்டியது போல. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடிக்குப் போனேன்.

ஸ்டாண்டுக்கு மூன்று. வாலுவுக்கு இரண்டு. கம்பு ஒன்று. ஆறு. அதோடு முடியவில்லை. ஒட்டினாற்போல் இன்னும் இரண்டு கால்.

ஓட்டுநர் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தோளில் பை தொங்குகிறது. ஒரு கை இடுப்பில். ஆறு வயதில் என் மகள், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று வாசலை மறித்து நின்றதும் இப்படித்தான். எனக்கா அடையாளம் தெரியாது? இன்னொரு கை எங்கே என்று தேடினேன். அது வாலுவின் தோளுக்குப் போய், அங்கே இரண்டு நிழலும் ஒன்றாகிவிட்டது.

இதோடு பதினொன்று. இன்னும் ஒன்று.

அந்த வட்டாரத்தில் நாளைக்கும் மழையாம். இனி எட்டு வரை எண்ண வேண்டும்.