அக்கா கதையில் நான் இல்லை

2.3.2024, சனி

இது இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன். மளிகைக் கடையில் சும்மா கொடுத்த டைரி, இரண்டு மாதமாகக் காலியாகத்தான் கிடந்தது.

என் அக்கா நல்லம்மாளுக்கு அறுபத்தாறு வயது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யும் இடத்தில் நான்கு மணி நேரம் படுத்துக் கிடக்கிறாள். கூட்டிப் போவது, கொண்டுவருவது எல்லாம் நான்தான். இன்று குனோங் ராபாட்டில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது வேனில் திடீரென்று, "தம்பி, நான் ஒரு கதை எழுதப்போறேன்" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

"என்னா தெரியும்?"

"ரப்பர் தோட்டத்துல ஊருக்கெல்லாம் கடுதாசி எழுதிக் குடுப்பியே, அப்பவே வேல வாங்குற மண்டோர்கிட்ட சொன்னேன். இவ எழுத்தாளரா வருவான்னு."

"அப்ப உனக்கு அஞ்சு வயசுடா, ஜெயபாலா."

ஐந்து வயதில் எனக்கு அவ்வளவு விவரம் இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

யாருக்காகக் கதை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சுரேன் படிக்கணும் என்றாள். அவள் மகன். ஜொகூரில் இருக்கிறான். பேசிப் பதினோரு வருடம். அவள் போட்ட கடிதம் மூன்றும் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன. "கதைன்னா யாரோ எழுதினதுன்னு படிப்பான்லா. பாதிக்கு மேல தெரிஞ்சுக்கட்டும், அம்மாதான்னு. அப்புறம் மூட மனசு வராது" என்றாள்.

முழு பிளானும் போட்டுத்தான் வைத்திருக்கிறாள்.

12.3.2024, செவ்வாய்

கதை எழுத என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் இண்டர்நெட்டில் தேடி எடுத்துவிட்டேன். பேராக் மாநிலத்தில் என்னைவிட நன்றாகத் தேடக்கூடிய ஆள் இல்லை. ஆறாம் வகுப்புதான், ஆனால் முப்பத்திரண்டு வருடம் லோரி ஓட்டியவனுக்கு வழி கண்டுபிடிக்கத் தெரியாதா?

ஒன்று, பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கும் நூலகம். எழுத்தைப் பெரிதாக்கலாம், அக்காவின் கண்ணுக்கு நல்லது. அடுத்து, ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் சிறுகதை எழுதச் சொல்லித்தரும் வீடியோ, பன்னிரண்டு பாடம். கதைகளை வாசித்துக் காட்டும் சேனலும் ஒன்று உண்டு. இடது கையில் ஊசி குத்தியிருக்கும்போது புத்தகம் பிடிக்க முடியாதே, காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம். அப்புறம் டெலிகிராமில் ஒரு குழு. நம் கதையைப் போட்டால் படித்துக் குறை சொல்வார்கள். நடத்துவது கிள்ளானில் இருக்கும் தனேஸ்வரன் என்கிற தம்பி.

குறை சொல்ல ஆளா வேண்டும், வீட்டிலேயே கிடைக்குமே என்றேன். அக்கா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆகிறது.

23.3.2024, சனி

மாட்டிக்கொண்டேன்.

எழுதப் போகிறவர் முதலில் நிறையப் படிக்க வேண்டும் என்று வாத்தியார் இரண்டாம் பாடத்தில் சொல்கிறார். நானும் பத்துப் புத்தகம் கொண்ட பட்டியல் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் நான் படித்தது என்றும் சொல்லிவிட்டேன். (அட்டை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன்.)

இன்று ஊசி குத்தும்போது கேட்கிறாள், "தம்பி, அந்த நாலாவது புஸ்தகத்துல டாக்டரு ஏன்டா கடைசியில அப்படிப் பண்ணிட்டாரு?"

"அவரு பாவம்க்கா. சூழ்நிலை."

"டாக்டரே இல்லடா அதுல."

நர்ஸ் பிள்ளை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சிரிக்கிறது. ஆனால் ஒன்று. பத்தில் ஏழு புத்தகத்தை அக்கா படித்து முடித்துவிட்டாள். பத்தே நாளில்! இந்தப் பொம்பளையைப் பத்து வயதில் பள்ளியை விட்டு நிறுத்திப் பால்மரம் சீவ அனுப்பினார்கள்.

6.4.2024, சனி

கதையை அக்கா நோட்டில் எழுதுகிறாள். நான் ஒரு விரலால் ஹேண்ட்போனில் தட்டுகிறேன். சப்பென்று இருந்த ஒரு இடத்தில் ஒரு புலியைச் சேர்த்தேன். சுங்கை சிப்புட் காட்டில் புலி இல்லையா என்ன?

"கல்யாண வீட்டுல எதுக்குடா புலி?"

"படிக்கிறவன் எந்திரிச்சு உக்காருவான்லா."

"எடுத்துரு."

எடுத்துவிட்டேன். நல்ல புலி.

16.4.2024, செவ்வாய்

தனேஸ்வரன் கதையைப் படித்துவிட்டுக் குழுவில் எழுதியிருக்கிறான். அப்படியே குறித்துக்கொள்கிறேன்: "அம்மா, மொழி நல்லா வந்திருக்கு. ஆனா மருமக மேல தப்பு, மகன் மேல தப்பு, பாதிரியார் மேலகூட தப்பு. தாய் மட்டும் சாமி. சாமிக்குக் கதை எதுக்கும்மா? அந்த வீட்டுல அன்னிக்கு என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க."

எனக்குக் கோபம் வந்து, உனக்கென்னடா தெரியும் என்று பதில் தட்டிவிட்டேன். அக்கா ஹேண்ட்போனைப் பிடுங்கி அதை அழித்தாள். பிறகு சாப்பிடவில்லை. சன்னல் வழியாகச் சுண்ணாம்பு மலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

25.4.2024, வியாழன்

எழுதிவிட்டாள். படித்தேன்.

சுரேன் சர்ச்சில் பமேலாவுக்குத் தாலி கட்டிய நாள். அக்கா போகவில்லை. ஆசி வாங்க இரண்டு பேரும் நேராக வீட்டுக்கு வருவார்கள் என்று தெரியும். நடுவீட்டுச் சுவரில் சுரேனின் படம், பள்ளிச் சீருடையில் எடுத்தது. அந்தப் படத்துக்கு மாலை போட்டு, கீழே விளக்கும் ஏற்றியாகிவிட்டது. உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு. செத்தவனுக்குச் செய்கிற மாதிரி.

அவன் கல்யாண மாலையோடு வாசல்படியில் நின்று அதைப் பார்த்தான். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். பதினோரு வருடம்.

அக்கா இதையெல்லாம் சின்னச் சின்ன வரியாக எழுதியிருக்கிறாள். அழுதாள், துடித்தாள் என்று ஒரு வார்த்தை இல்லை. ‘தாய் நாற்காலியில் ஏறினாள். மாலையைப் போட்டாள். இறங்கி, பூ நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.’ அவ்வளவுதான்.

"கதையில தம்பின்னு ஒருத்தன் இல்லியே" என்றேன்.

"தம்பி வேணாம்டா இந்தக் கதையில."

சரிதான். அன்றைக்கு நான் தைப்பிங்கில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். நான் மட்டும் வீட்டில் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது. பறித்து எறிந்திருப்பேன் அந்த மாலையை.

26.4.2024

தூக்கம் வரவில்லை. வெக்கை.

9.5.2024, வியாழன்

தனேஸ்வரன் மறுபடியும் எழுதினான். இந்த முறை மரியாதையாக. இதுதான் கதை என்கிறான். ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறான்: "அந்த அம்மா அவ்வளவு உசரத்துல இருந்த படத்துக்குத் தனியாவா மாலை போட்டாங்க? வீட்டுல வேற யாரும் இல்லையா?"

இல்லை என்று போடச் சொன்னாள் அக்கா. போட்டேன்.

எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், வாய் எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்தைத் திருத்துங்கள் என்று வாத்தியார் ஒன்பதாம் பாடத்தில் சொல்கிறார். அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது, அதனால் நான் வாசித்தேன். நாற்காலியில் ஏறும் வரியில் இரண்டு தடவை நின்றுவிட்டேன். கண்ணாடி சரியில்லை என்றேன். அக்கா தலையை ஆட்டினாள்.

அன்றைக்குத் தைப்பிங்கில் என்ன மழை! ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். மூன்று காரை என் லோரியில் சங்கிலி போட்டு இழுத்துவிட்டேன். ஒருவர் டத்தோ பட்டம் வாங்கியவர்.

21.5.2024, செவ்வாய்

இணைய இதழ் ஒன்றில் கதையை எடுத்துக்கொண்டார்கள்! ஜூன் முதல் தேதி இதழில் வரும். தனேஸ்வரன் சொல்லிக்கொடுத்தபடி அந்த இணைய இதழின் விதியெல்லாம் பார்த்துத்தான் அனுப்பினோம். இரண்டாயிரம் சொல்லுக்குள் இருக்க வேண்டும், வேறு எங்கும் வந்திருக்கக் கூடாது, எழுத்தாளரைப் பற்றி இரண்டு வரி. நான் பதினாறு வரி எழுதியிருந்தேன். அக்கா அடித்துவிட்டு, ‘நல்லம்மாள், ஈப்போவில் வசிக்கிறார்’ என்று மட்டும் போட்டாள்.

ரத்தம் சுத்தம் செய்யும் இடத்தில் எல்லோருக்கும் கரிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தேன். சீனக் கிழவர் ஒருவர் அக்காவிடம் கையெழுத்து கேட்டார். (கேட்டார். இது உண்மை.)

வரும்போது அக்கா கேட்டாள், "அவன் படிப்பானாடா?"

"நான் அனுப்புறேன்க்கா. படிக்காம எங்க போவான்?"

"நீ அனுப்பாத. அதுவா போய்ச் சேரட்டும்."

28.5.2024, செவ்வாய்

மூன்றாவது மணி நேரத்தில் பிரஷர் இறங்கியது. அக்கா போயிட்டா.

30.5.2024, வியாழன்

சுரேன் வந்தான். பமேலாவும் வந்தாள். அவன் தலையில் நரை. பாடையை ஒரு பக்கம் தூக்கினான், கொள்ளி வைத்தான், ஆனால் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. எல்லாம் வாசலோடு சரி. பமேலாதான் உள்ளே வந்து அக்காவின் புடவைகளை மடித்துக் கொடுத்தாள்.

கிளம்பும்போது அவனிடம், "அம்மா ஒரு கதை எழுதியிருக்குப்பா. நாளக்கழிச்சு வருது" என்றேன். அனுப்பாதே என்றுதானே சொன்னாள், சொல்லாதே என்று சொல்லவில்லையே.

"அம்மாவா? கதையா?" என்றான். நான் ஏதோ அடித்துவிடுகிறேன் என்று நினைத்திருப்பான். என் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

1.6.2024

வந்துவிட்டது. பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நாலு நாள். நாலு நாள் பொறுக்கக் கூடாதா, அக்கா?

12.6.2024, புதன்

பதினாறாம் நாள். சுரேன் நேற்றே ஜொகூரிலிருந்து வந்து வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தான். அப்புறம் தானே இறங்கி உள்ளே வந்தான். நடுவீட்டில் நின்று அந்தச் சுவரைப் பார்த்தான். ஆணி இன்னும் இருக்கிறது.

"படிச்சேன் மாமா. பத்துத் தடவ படிச்சிட்டேன்."

உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அம்மா ஏன்னு ஒரு காரணமும் சொல்லல. மன்னிப்பும் கேக்கல. என்ன செஞ்சாங்களோ அத மட்டும் எழுதியிருக்காங்க. ஒரு வரியாச்சும் கெஞ்சியிருந்தா நான் மூடி வச்சிருப்பேன்." மூக்கைச் சிந்தினான். "போன் அடிச்சிருக்கலாம். ஒரே ஒரு போன்."

பிறகு என் பக்கம் திரும்பினான். "இத்தன வருஷமா உங்களையும் சேத்துத்தான் மாமா வெறுத்தேன். நீங்கதான் ஏத்திவிட்டிருப்பீங்கன்னு பமேலாகிட்டகூடச் சொன்னேன். கதையப் படிச்சப்பறந்தான் தெரியுது, நீங்க வீட்டுலயே இல்லன்னு. மன்னிச்சிருங்க மாமா."

என் காலைத் தொட்டான். நாற்பதை நெருங்குகிற ஆள், குனிந்து, என் காலை.

"பரவால்லடா" என்றேன். "நான் தைப்பிங்ல இருந்தேன்."

22.6.2024, சனி

கதைக்குக் கீழே எழுபது பேருக்கு மேல் கருத்து எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேர் அருமை என்கிறார்கள். மீதிப் பேர் திட்டுகிறார்கள். ‘இவள் ஒரு தாயா?’ ‘பெற்ற பிள்ளைக்குக் கருமாதி பண்ணியவளுக்கு நல்ல சாவு வரக்கூடாது.’ இதை ஒரு பொம்பளை எழுதியிருக்கிறாள். என் அக்கா செத்தது தெரியாமல்.

கருத்துப் பெட்டியைத் திறந்தேன். எதைப் பற்றியும் பத்துப் பக்கம் பேசுகிறவன் நான். ஒரு வரி வரவில்லை. ராத்திரி பகல் அதைத் திறந்து திறந்து மூடுகிறேன். என்னாத்த எழுதுறது? சொல்லுக்கா, என்னாத்த எழுதுறது?

7.7.2024, ஞாயிறு

நாளைக் காலை பஸ்ஸில் ஜொகூர் போகிறேன். போனில் சொன்னால் எங்கேயாவது ஒரு புலியைச் சேர்த்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் அக்கா மாதிரி சின்ன வரியாக இங்கே எழுதிக்கொள்கிறேன். சுரேன் முன்னால் இதை அப்படியே வாசிக்கப் போகிறேன். தடுக்கினால் தடுக்கட்டும்.

அன்றைக்கு நான் தைப்பிங்கில் இல்லை. லோடு இல்லை, மழை இல்லை, டத்தோ இல்லை. லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன்.

மாலை வாங்கி வந்தது நான். ‘செத்துட்டான்னு காட்டுவோம்க்கா, அப்பத்தான் புத்தி வரும்’ என்றது நான். பெரிய வீரம் என்று நினைத்தேன். ஊர் பத்து வருடம் பேசும் என்று நினைத்தேன்.

விளக்கு ஏற்றியது அக்கா. அதை மறைக்க மாட்டேன், அவளும் மறைக்கவில்லை. ஆனால் நாற்காலியில் ஏறியது நான். அக்காவுக்கு அந்த ஆணி எட்டாது. ‘தாய் ஏறினாள்’ என்று அவள் எழுதினாள். அதை ஹேண்ட்போனில் தட்டியது என் விரல். வேண்டாத இடத்தில் எல்லாம் வாழ்நாள் பூராவும் வார்த்தையைச் சேர்த்தவன், அந்த இடத்தில் ‘தம்பி’ என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கவில்லை.

நான் கீழே இறங்கியதும் அக்கா என் சட்டையைப் பிடித்தாள். "கழட்டிருடா தம்பி. மனசு கேக்கல. உசுரோட இருக்கிற புள்ளடா" என்றாள்.

கல்யாணக் கார் அப்போதுதான் தெரு முனையில் திரும்பியது. நாற்காலி அங்கேயேதான் இருந்தது. நான் கண்ணில் படாமல் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். கழட்ட நேரம் இருந்தது.